தடைக்காலத்துப் பத்து மணி

அடையாறு பாலத்தில் பாதி தூரம் வந்தபோது தூறல் பிடித்துக்கொண்டது. என் தலையில் ஒரு நாற்காலி கவிழ்ந்திருந்தது. இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளுக்காக மரத்தில் செய்த நாற்காலி அது. முதுகுப் பலகைகள் இரண்டும் சுவர் மூலை மாதிரி சேர்ந்து நிற்கும். முன்னால் ஒரு தட்டுப் பலகை, தொடைகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கட்டை. உடம்பைத் தானாக நிமிர்த்தி வைத்துக்கொள்ள முடியாத பிள்ளையை அதற்குள் வைத்தால் சாயாமல் உட்கார்ந்திருக்கும். பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோவுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. நடந்துகொண்டிருந்தேன்.

ஸ்கூட்டரில் போன ஒருவர் என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தார்.

"இன்னா நைனா, விக்கிறதா?"

"இல்ல. வூட்டுக்கு எடுத்துக்கினு போறேன்."

"நடுவுல கட்ட இன்னாத்துக்கு?"

"கால் ரெண்டும் ஒட்டிக்காம இருக்கறதுக்கு."

அவருக்கு விளங்கவில்லை. விளங்காமலே தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வேலையை விட்டு நடந்து வருவது எனக்குப் பழக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன் நான். அதற்குப் பிறகு லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போயிருக்கிறேன். ஓட்டலில் மீனும் கோழியும் வெட்டியிருக்கிறேன். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே துணி மடித்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் வந்து நிற்பார். கால் வீங்கியதும் அதையும் விட்டேன். எந்த வேலையிலிருந்தும் வெளியே வரும்போது கையில் ஒரு பைதான் இருக்கும். இந்த முறை பையோடு நாற்காலியும் இருந்தது. வேலையும் நானாக விட்டதல்ல, நான் வேன் ஓட்டிய இடத்தை மூடிவிட்டார்கள்.

பாலத்தின் நடுவில் போன் அடித்தது. பழைய லாரி சிநேகிதன்.

"மச்சி, வேல போச்சாமே. நல்லதாப் போச்சு. நாளிக்கு காலைல மாதவரம் வந்துடு. நாக்பூர் லோடு. டிரைவர் சீட்டு உனுக்குத்தான்."

"வர்றேன்" என்றேன். அதைச் சொல்ல நான் யோசிக்கவே இல்லை.

வெட்டவெளியில் ஓடும் ஒரு வண்டியும், யாரும் எதற்கும் என்னைக் கேட்காத ஒரு வாரமும் எனக்குப் பிடித்தவை. ஆனால் இந்த நாற்காலியை அக்கா வீட்டில் இறக்கிவைக்க வேண்டும். கூடவே ஒரு சேதியும் சொல்ல வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்கு அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடையாற்றுப் பயிற்சி மையத்துக்கு வராவிட்டால், பிள்ளைக்காக ஒதுக்கிய நேரம் காத்திருக்கும் வேறு பிள்ளைக்குப் போய்விடும். அக்காவால் பத்து மணிக்கு வர முடியாது என்பது எனக்கும் தெரியும், நேரம் ஒதுக்கிய மையத்து மேடத்துக்கும் தெரியும்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது பட்டினப்பாக்கத்துப் பக்கம் ஒரு குப்பத்தில். அந்தத் தெருவில் பாதி ஆண்கள் காசிமேட்டு விசைப்படகுகளுக்குக் கூலிக்குப் போகிறவர்கள். அக்கா வீட்டுக்காரரும் அப்படித்தான். கடலுக்குப் போனால் ஒரு வாரம் கழித்துத்தான் முகம் பார்க்கலாம். பெண்கள் விடியுமுன்பே எழுந்து ஏலத்தில் மீன் எடுத்து, மந்தைவெளிப் பக்கம் ஒரு தெருமுனையில் உட்கார்ந்து விற்பார்கள். மத்தியானம் தாண்டித்தான் வீடு திரும்புவார்கள்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துப் பிறந்தது இந்தப் பெண். பிறந்ததும் அழவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். தலை நிற்கவே ஒரு வயது ஆனது. "அவங்கப்பன் மாறி, லேட்டாத்தான் எல்லாம்" என்று தெருவில் சொன்னார்கள். அக்காவும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்றரை வயதில் நிறுத்திப் பார்த்தபோது கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. நுனிவிரல் மட்டும்தான் தரையைத் தொட்டது. அதற்குப் பிறகு அக்கா அப்படிச் சொல்வதை விட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. வளர்ச்சி தாமதமான சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனம். அடையாற்றில் அவர்களுக்கு ஒரு மையம் இருந்தது. அங்கே வர முடியாத பிள்ளைகளுக்காகக் குப்பங்களின் பக்கம் ஒரு கிளை தொடங்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எத்தனை பிள்ளைகள், என்ன குறை, எந்த இடம், எந்த நேரம் என்று பார்க்கத் தெருத்தெருவாகப் போக வண்டி வேண்டியிருந்தது. என் அக்கா பெண்ணைப் பற்றி முதல் நாளே சொல்லிவிட்டேன்.

திட்டத்தை நடத்திய மேடம் மயிலாப்பூர்க்காரர், நரைத்த தலை. வீட்டில் பேசும் தமிழையே எல்லா இடத்திலும் பேசுவார். கூட, கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பிசியோ, கல்லூரி முடித்து வந்த பெண். இரண்டு பேரும் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அது மே மாதம். பார்த்த பிள்ளைகளை எல்லாம் சமுதாயக் கூடத்துக்கு வரச் சொல்லி, பாயைப் போட்டு, அங்கேயே பயிற்சியும் ஆரம்பித்துவிட்டார்கள். கூடம் நிறைந்துவிட்டது. தினமும் அம்மாக்கள் நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். இப்படிக் கூட்டம் எங்கேயும் பார்த்ததில்லை என்று மேடம் அடிக்கடி சொன்னார்.

பிசியோ ஒவ்வொரு அம்மாவிடமும் கேள்வி கேட்பாள். கழுத்து எப்போது நின்றது, எப்போது குப்புற விழுந்தது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா. அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்கும் ஒருத்தி இருந்தாள். அவளுடைய பையனுக்கு நாலு வயது. ஓடுவான், குதிப்பான், ஒரு வார்த்தை பேச மாட்டான், யாரையும் பார்க்க மாட்டான். பிசியோவின் கேள்விகளைக் காதில் வாங்கிவிட்டு அந்த அம்மா சொன்னாள்:

"எம் புருசனையும் இட்டாரட்டா? பேர் சொல்லிக் கூப்டா திரும்பவே மாட்றான்."

"என்ன வயசு?" என்றாள் பிசியோ.

"நாப்பதாவுது."

"லேட்டா வந்துட்டீங்கக்கா."

கூடமே சிரித்தது. அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

அந்த வாரம்தான் நேரத்தை முடிவு செய்தார்கள். மேடம் எல்லா அம்மாக்களையும் வட்டமாக உட்காரவைத்தார்.

"எந்த நேரம் சௌகரியப்படும்னு நீங்கதான் சொல்லணும். நாங்களா ஒண்ணும் தீர்மானம் பண்ணப் போறதில்லை."

"சாயங்காலம் வேணாம்மா" என்றாள் பேசாத பையனின் அம்மா. "ஆம்பளைங்க இங்கதான் சீட்டாடிக்கினு கெடப்பானுங்க."

"பத்து மணி" என்றாள் என் அக்கா. "சோறாக்கிட்டு, துணி தொவச்சிட்டு வந்துர்லாம்."

"பத்து மணி எல்லாருக்கும் சரியா?"

எல்லாரும் கையைத் தூக்கினார்கள். பிசியோ எழுதிக்கொண்டாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அந்த மாதம் பத்து மணிக்கு எல்லாருமே சும்மாதான் இருந்தார்கள். விசைப்படகுகள் எல்லாம் மீன்பிடித் தடைக்காலத்துக்காகக் கரையில் கட்டிக்கிடந்தன. ஏலத்தில் மீன் இல்லை, தெருமுனையில் கடை இல்லை. ஆண்கள் வலை பிரித்து உட்கார்ந்திருந்தார்கள். வருமானம் இல்லாமல் வீட்டில் அடைந்துகிடந்த பெண்களிடம் எந்த நேரம் வேண்டும் என்று கேட்டால், வீட்டில் இருக்கும் நேரத்தைத்தான் சொல்வார்கள். அந்த நாட்களில் அடுத்த மாதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அடகு வைத்ததை எப்படி மீட்பது என்பதைத் தவிர வேறு பேச்சு வராது.

அந்தக் கோடையில் அக்கா பெண் நன்றாக வந்தாள். பிசியோ தினமும் கால்களை நீவி, பிரித்து, நீட்டி, அக்காவின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்து, "இவ்வளவு அழுத்தம், இதுக்கு மேல வேண்டாம்" என்று பழக்கினாள். மாத முடிவில் ஒரு நாள் சமுதாயக் கூடத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நின்றாள். முழுப் பாதமும் தரையில் இருந்தது. பின்னால் மண்டியிட்டு இடுப்பைப் பிடித்திருந்த அக்கா கையை விட்டாள். கொஞ்ச நேரம். பிறகு பிள்ளை சரிந்தாள், அக்கா பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஆனால் அக்கா அன்றைக்குத் தெருவில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள், அந்தத் தடைக்காலத்திலும்.

திட்டத்துக்கு அனுமதி வந்தது. குப்பத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். தரை முழுக்க மெத்தைப் பாய், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, பிடித்து நடக்கக் கம்பிகள், இந்த நாற்காலி, இதைப் போல இன்னும் சில. காலை பத்திலிருந்து ஒன்று வரை. மத்தியானத்துக்கு மேல் பிசியோவுக்கு அடையாற்று மையத்தில் வேலை. கணக்காகப் பொருந்தியது. திறப்பு நாள் ஜூலையில் வந்தது. அதற்குள் படகுகள் கடலுக்குப் போய்விட்டிருந்தன.

முதல் வாரம் இரண்டொருவர் வந்தார்கள். அடுத்த வாரம் யாரும் வரவில்லை. பிசியோ கண்ணாடிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். மேடம் வந்து, என்னைக் கூட்டிக்கொண்டு தெருவுக்குள் போனார். பூட்டு, பூட்டு, பூட்டு. ஒரு வீட்டில் மட்டும் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அந்தப் பேசாத பையன். பழைய புடவைக் கிழிசலை இடுப்பில் சுற்றி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் சோறும் ஒரு செம்புத் தண்ணீரும். அவன் கிழிசலின் எல்லை வரை போய், திரும்பி வந்து, மறுபடி போய்க்கொண்டிருந்தான். ரோட்டுக்கு ஓடிவிடுவான் என்று கட்டிவைப்பார்கள், எனக்குத் தெரியும். மேடம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "வண்டியை எடு" என்றார்.

தெருமுனையில் அக்கா சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்றின் பக்கத்தை அறுத்து, துண்டு மடித்துப் போட்டு, அதில் பிள்ளையை உட்காரவைத்திருந்தாள். தலைக்கு மேல் ஒரு குடை. பிள்ளையின் முகத்தில் ஈ உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தது. மேடத்தைப் பார்த்ததும் அக்கா எழுந்து கையைப் புடவையில் துடைத்தாள்.

"பத்து மணின்னு நீங்கதானேம்மா சொன்னேள்?" என்றார் மேடம். கோபமில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

"சொன்னேம்மா. அப்ப கடலு மூடிக் கெடந்துச்சு" என்றாள் அக்கா. "இப்ப தொறந்துட்டாங்க."

மேடம் மீனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். எல்லாரும் மே மாதம் கையைத் தூக்கியவர்கள்தான். கடல் மூடுவதும் திறப்பதும் அவர் பேப்பரில் படித்திருக்கக்கூடிய விஷயம். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அக்கா அதற்குள்ளேயே வாழ்கிறவள். இத்தனை பேரில் ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை.

"ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது வர முடியாதா?"

"எடம் போயிடும்மா."

அதை நான்தான் பிறகு வண்டியில் விளக்கினேன். தெருமுனையில் யார் எங்கே உட்காருவது என்பது மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வருவது. எழுதி வைத்த உரிமை கிடையாது. தினமும் உட்கார்ந்தால்தான் அது அவளுடையது. சேர்ந்தாற்போல் சில நாள் காலியாகக் கிடந்தால் வேறு ஒருத்தி பலகையைப் போட்டுவிடுவாள். அதற்கு யாரும் நியாயம் கேட்க முடியாது. முதல் வாரம் அக்கா அறைக்குப் போன ஒரு நாள் பக்கத்துக்காரி பார்த்துக்கொண்டாள். ஆனால் வருகிறவர்கள் முதலில் அவளுடைய மீனைத்தானே வாங்குவார்கள். அக்கா திரும்பி வந்தபோது அவளுடைய மீன் வெயிலில் வெளுத்துக்கிடந்தது.

மேடம் சும்மா இருக்கவில்லை. மாலை நேரத்துக்கு மாற்றிப் பார்த்தார். பிசியோ அடையாற்றில் வேலை முடித்துவிட்டு பஸ் பிடித்து வந்தாள். அம்மாக்களும் வந்தார்கள். விடியுமுன் எழுந்து, மத்தியானம் வரை உட்கார்ந்து, திரும்பி வந்து சமைத்த பெண்கள். பிள்ளையின் காலைப் பிடித்தபடியே அக்கா தூங்கிவிட்டாள். தலை சுவரில் சாய்ந்துவிட்டது, கை மட்டும் காலை விடவில்லை. கண்ணாடியில் பார்த்தால் அந்தப் பக்கமும் வரிசையாகத் தூங்கினார்கள். பிசியோ யாரையும் எழுப்பவில்லை. கொஞ்ச நாளில் அடையாற்றில் அவளுக்கு மாலையிலும் வேலை கொடுத்துவிட்டார்கள்.

நானும் ஒரு வழி செய்து பார்த்தேன். வேன் சும்மா நிற்கும் நேரத்தில் பிள்ளையைத் தெருமுனையிலிருந்து தூக்கிக்கொண்டு அறைக்குக் கொண்டுபோனேன். அவளுக்கு என் முகம் தெரியும், என் தோளில் தூங்கியிருக்கிறாள். ஆனால் அம்மா கண்ணிலிருந்து மறைந்ததும் அழ ஆரம்பிப்பாள், அழுதால் உடம்பு முழுக்கப் பலகையாகிவிடும். பலகையை நீவ முடியாது. பிசியோ முயன்று பார்த்து, "பயந்தா இன்னும் இறுகும் அண்ணா. அவங்க அம்மா வந்தாதான் முடியும்" என்று கையை எடுத்துக்கொண்டாள்.

அக்டோபரில் பிசியோ எனக்குக் காட்டினாள். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நீட்டினாள். கோடையில் முழங்கால் பாயில் படியும். இப்போது முழங்காலுக்கும் பாய்க்கும் நடுவே என் முஷ்டி நுழைந்தது.

"இப்ப இழுத்தா வரும்" என்றாள். "இன்னும் கொஞ்ச மாசம் இப்படியே விட்டா கத்தி வெச்சுதான் நீட்டணும். அப்பவும் நிப்பாளான்னு சொல்ல முடியாது."

"இப்ப இழுத்தா நிப்பாளா?"

"அதையும் என்னால சொல்ல முடியாது அண்ணா. வாய்ப்பு இருக்கு. அவ்வளவுதான்."

பிசியோவிடம் எனக்குப் பிடித்தது அதுதான். ஆறுதலுக்காக எதையும் சொல்ல மாட்டாள்.

நாற்காலியோடு நான் பாலத்தில் நடந்த அந்த நாளின் காலையில், அடையாற்றில் அடுத்த வருடத் திட்டத்துக்காக உட்கார்ந்தார்கள். நான் தண்ணீர் பாட்டில் வைக்க உள்ளே போனபோது மேடம் பேசிக்கொண்டிருந்தார். தேவை இருக்கிறது, நேரம்தான் தப்பு, ஒரு வருடம் மத்தியானத்தில் நடத்திப் பார்க்கலாம், அதற்குத் தனியாக ஒரு பிசியோ வேண்டும் என்றார். எதிரில் இருந்தவர் மரியாதையாகவே கேட்டார்: "பிள்ளைகளே வராத இடத்துக்கு இன்னொரு ஆளை எப்படி மேடம் கேட்க முடியும்?" அந்தப் பகுதியில் தேவை குறைவு என்று முடிவாயிற்று. அறையைக் காலி செய்வது, பொருள்களை அடையாற்றுக்குக் கொண்டுவருவது, வேனை நிறுத்துவது. மத்தியானத்துக்குள் நானும் இரண்டு கூலியாட்களும் மெத்தைப் பாய்களைச் சுருட்டிக் கொண்டுவந்து இறக்கிவிட்டோம். கண்ணாடியைக் கழற்றும்போது ஒரு மூலை உடைந்தது.

சாவியைக் கொடுத்தபோது மேடம் இந்த நாற்காலியைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

"இதை உங்க அக்காவுக்குக் குடு. செவ்வாய், வியாழன், சனி, காலம்பற பத்து மணி. ஒரே ஒரு நேரம்தான் என்னால பிடிச்சு வைக்க முடிஞ்சுது. நாளைக்குச் செவ்வாய். நாளைக்கு வந்துட்டா அவளுக்குன்னு ஆயிடும். வரலைன்னா காத்துண்டிருக்கிறவா நெறைய பேர். அப்புறம் என் கையில இல்லை."

"பத்து மணியா மேடம்?"

"பத்து மணிதான்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குப்பத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடல் இரைச்சல் பெரிதாக இருந்தது. அக்கா வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் கடலில். நாற்காலியை இறக்கி, துண்டால் ஈரத்தைத் துடைத்தேன். பிள்ளையை அதில் வைத்தோம். நடுக்கட்டை தொடைகளைப் பிரித்துவைத்தது. கோடையில் தளர்வாக இருந்த இடம் இப்போது இறுக்கமாக இருந்தது. அவள் தட்டுப் பலகையை அடித்துச் சிரித்தாள்.

நான் சேதியைச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே தட்டைக் கழுவினாள்.

"நா எப்டிடா பத்து மணிக்கு வர்றது?"

"எடத்துல நா ஒக்கார்றேன்."

"எங்க?"

"உன் எடத்துல. மந்தவெளில."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஆம்பள எவன்டா அங்க ஒக்காந்து கீறான்? சிரிப்பாங்கடா."

"சிரிக்கட்டும்."

"மீனு வெட்டுவியா?"

"ஓட்டல்ல இன்னா பூவா கட்னேன்?"

அவள் சிரிக்கவில்லை. பிள்ளையின் வாயைத் துடைத்தாள். "நீ இன்னா, ஒரு மாசம் இருப்ப. அப்பால பையத் தூக்கினு எங்கனா போயிடுவ. நா அத்த நம்பி அங்க போய்க்கினு வந்துக்கினு இருப்பேன். ஒரு நாளு பாத்தா எடத்துல நீயும் இருக்க மாட்ட, என் பலகையும் இருக்காது."

அது தப்பில்லை. அம்மா செத்தபோது என்னைத் தேடிப் பிடிக்கவே அவளுக்கு ஒரு வாரம் ஆனது. லாரியைப் பற்றி நான் சொல்லவில்லை. பிள்ளை சோற்றுக் கையால் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"நாளிக்கு ஒரு நாளு" என்றாள் அக்கா கடைசியில். "நாளிக்கு மட்டும் பாக்கறேன்."

விடிந்து கொஞ்ச நேரத்தில் தெருமுனைக்குப் போனேன். அக்கா பிள்ளையோடும் ஏலத்தில் எடுத்த மீனோடும் ஒரு குட்டி யானை லோடு வண்டியிலிருந்து இறங்கினாள். சங்கராவும் கிழங்கானும் கொஞ்சம் இறாலும். ஐஸைத் தட்டிப் பரப்பி, பலகையைப் போட்டு, அரிவாள்மணையை வைத்து, எந்த மீனை எப்படிச் சொல்லி விற்பது என்று வேகமாகச் சொன்னாள். பிறகு குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவிவிட்டு முகர்ந்து பார்த்தாள், மறுபடி கழுவினாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைக்கப் பார்த்தாள், கால் பிரியவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பிள்ளையைப் பார்த்து நான் கையாட்டினேன். அக்கா பார்த்தது பலகையை.

நான் உட்கார்ந்தேன். வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் கேலியை ஆரம்பித்தது.

"இன்னா தம்பி, பொடவ கட்டிக்கினு வந்துருக்கலாமில்ல?"

"அவன் மூஞ்சப் பாத்தா மீனே கண்ண மூடிக்கும்டி."

"நீ எம் பக்கத்துல ஒக்காந்து கீறன்னு எம் புருசன் சண்டைக்கி வருவான்" என்றாள் பேசாத பையனின் அம்மா. "பேர் சொல்லிக் கூப்டா திரும்ப மாட்டான், இதுக்குன்னா திரும்பிக்குவான்."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். போன் அடித்தது. மாதவரத்திலிருந்து. கையெல்லாம் செதில். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்து, நின்றுபோனது.

வழக்கமாக வாங்கும் ஒரு அம்மா வந்து என்னைப் பார்த்துத் தயங்கி, "அவங்க இல்லையா?" என்றார். அக்காதான் வைத்துவிட்டுப் போனாள் என்றேன். சங்கராவைப் புரட்டிப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, எடை போடச் சொன்னார். வெட்டிக் கொடுத்தேன். அரிவாள்மணையில் உட்கார்ந்து வெட்டிப் பழக்கமில்லை. துண்டுகள் சமமாக வரவில்லை. அவர் பையில் போட்டுக்கொண்டு போனார்.

வெயில் ஏறியது. பத்து மணி தாண்டியிருக்கும். அடையாற்றில் பிள்ளையின் காலைப் பாயில் நீட்டியிருப்பார்கள். பேசாத பையனின் அம்மா கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, ஈ ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

"நாளிக்கும் நீதானா?"

"நாளிக்கு அக்கா. நாளான்னிக்கு நான்."

அவள் தலையாட்டினாள். இறாலுக்குத் தண்ணீர் தெளித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"நீ சும்மா கீற நாள்ல என் எடத்துல ஒக்காருவியா? எம் பையன இட்டுக்கினு போவேன்."

"அங்க ஒரு நேரம்தான்கா குடுத்தாங்க."

"தெரியும். ஒங்கக்கா சொல்லிச்சு. சும்மா கேட்டேன்."

"கெடச்சா சொல்லுக்கா. ஒக்கார்றேன்."

அந்த நேரத்தில் அவளுடைய பையன் ஜன்னலுக்கும் சுவருக்கும் நடந்துகொண்டிருப்பான். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் காலை ஊன்றி, கிழங்கான் எப்படி என்று கேட்டார். விலையைச் சொன்னேன். தலையை எடுத்துவிட்டுக் கொடுக்கச் சொன்னார். நான் அரிவாள்மணையைக் காலால் அழுத்திக்கொண்டு முதல் மீனை எடுத்தேன்.